ஐந்து நாட்டு நாற்றம்

ஐந்து நாடுகளின் எல்லைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு சரக்கு ரயில் பெட்டி வந்து நின்றது. அதற்குள் நாற்பது டன் மீன் இருந்தது. இதுவரை சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

பெட்டி அடுத்த நாட்டுக்குள் நுழைய ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் "உயிருள்ள சரக்கு", "உயிரற்ற சரக்கு" என்று இரண்டே கட்டங்கள். உயிரற்றது என்று போட்டால் இரும்பு, சிமெண்டோடு சேர்த்து வேறொரு நிலையத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். உயிருள்ளது என்று போட்டால் கால்நடை மருத்துவர் வந்து ஒவ்வொன்றுக்கும் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதாக ஒரு கட்டம் போடும் அதிகாரம் தலைநகரில் இருந்தது. தலைநகரிலிருந்து பதில் வர இருபத்தாறு நாள் ஆயிற்று. மீனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அப்போது கிளம்பியதுதான் அந்த நாற்றம். யாரிடமும் முத்திரை வாங்காமல் ஐந்து எல்லைகளையும் அது ஒரே காலையில் கடந்தது.

ஐந்து நாட்டுத் தலைவர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடிப் பேசினார்கள். இது பொதுப் பிரச்சினை, ஆகவே பொதுவாகத்தான் தீர்க்க வேண்டும் என்பதில் அன்று எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தது. அந்தக் கருத்து மாறுவதற்குள் அவசர அவசரமாக ஐந்து நாட்டுக் கூட்டு நாற்ற ஒழிப்பு ஆணையம் என்று ஒன்றை அமைத்துவிட்டார்கள். எல்லைச் சந்தியிலேயே மூன்று மாடியும் ஒரு நிலவறையுமாகக் கட்டடம் எழும்பியது. அது எழும்பி முடிவதற்குள் பெட்டியிலிருந்த மீனைக் காக்கையும் நாயும் மழையும் பார்த்துக்கொண்டன. அது முறைப்படி நடந்த காரியம் இல்லை என்பதால் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. பெட்டி காலியாகி மூன்று வருஷம் ஆன பிறகும் நாற்றம் மட்டும் போகவில்லை.

அந்த ஆணையத்தில் மோப்ப அலுவலராக ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மூக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பு எரிவாயு உருளை நிரப்பும் கம்பெனியில் கசிவு பார்த்துக்கொண்டிருந்தவர். பால் கெடப்போகிறது என்பதைப் பாலுக்கே தெரியாதபோது சொல்லிவிடுவார். அதனால் வீட்டில் அவருக்குப் பெரிய மரியாதை இருந்தது என்று சொல்ல முடியாது. எந்நேரமும் எதையாவது மோந்து பார்த்துக்கொண்டிருக்கும் புருஷனோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

வேலை என்னவோ சுலபம்தான். காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மூன்றாவது மாடி பால்கனியில் நின்று மூன்று முறை மூச்சை இழுக்க வேண்டும். எத்தனை அலகு என்று ஏட்டில் எழுத வேண்டும். இந்த அலகைக் கண்டுபிடிக்க மட்டும் பதினொரு மாதம் ஆனது. ஒரு நாள் முழுக்கப் போட்டுக் கழற்றிய காலுறை ஒன்றின் நாற்றம் ஓர் அலகு என்று வல்லுநர்கள் சொல்லிவிட்டார்கள். யாருடைய காலுறை என்பதில் ஐந்து நாடுகளும் முட்டிக்கொண்டன. கடைசியில், எந்தப் பக்கமும் சாயாதவர் என்று பெயரெடுத்த ஆணையச் செயலாளரின் இடது காலுறை தேர்வாயிற்று. அதைக் கண்ணாடிக் கூண்டில் போட்டுப் பூட்டி வரவேற்பறையில் வைத்தார்கள். அன்று முதல் செயலாளரின் நடையே மாறிவிட்டது.

கூட்டம் மாதம் ஒருமுறை. மூக்கர் அளவை வாசித்துவிட்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

"இந்த மாதச் சராசரி, நாற்பத்தொரு அலகு."

பணக்கார நாட்டுப் பிரதிநிதி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க அணுகுமுறை ரொம்பத் தெளிவானது. கம்மியா நாறுற நாடு, தன்னோட நாறும் உரிமையை எங்களுக்கு மாத்திக் கொடுத்துடலாம். அப்ப ஏட்டுப்படி நாங்க நாறவே மாட்டோம்."

"ஏட்டுப்படி சரி. மூக்குப்படி?" என்று சின்ன நாட்டுப் பிரதிநிதி கேட்டார்.

"மூக்கு இந்த ஆணையத்துல உறுப்பினர் இல்லையே."

பெரிய நாட்டுப் பிரதிநிதி மேசையைத் தட்டினார். "இது முழுக்க முழுக்கக் காத்தோட தப்பு. நாங்க எல்லையில எண்பதடி உயரத்துக்குத் திரை கட்டிட்டிருக்கோம். பாதி முடிஞ்சாச்சு."

"மீதிப் பாதி வழியா வராதா?"

"வரக்கூடாதுன்னு ஆணை போட்டிருக்கோம்."

பழைய நாட்டுப் பிரதிநிதி சாய்ந்து உட்கார்ந்து புன்னகைத்தார். "எங்க நாட்டுல நாற்றமே கிடையாது. போன வருஷம் அந்தச் சொல்லை அகராதியிலேருந்து எடுத்தாச்சு. இப்ப ஜனங்க 'ஒரு மாதிரியான காற்று'ன்னுதான் சொல்றாங்க. அதுக்கப்புறம் ஒரு புகார்கூட வரல. எழுதுறதுக்கு வார்த்தை கிடைக்கல."

"நாங்க எதிர்காலத்தைப் பாக்குறவங்க," என்றார் புது நாட்டுப் பிரதிநிதி. அவர் மூக்கில் வெள்ளிக் கிளிப் ஒன்று பளபளத்தது. அதனால் அவர் பேச்சு ஜலதோஷக்காரர் பேச்சு போல இருந்தது. "இன்னும் நாற்பது வருஷத்துல நாற்றத்தைப் பாதியாக் குறைச்சிடுவோம்."

"எப்படி?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே நாற்பது வருஷம் கேட்டிருக்கோம்."

சின்ன நாட்டுப் பிரதிநிதிக்குக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் இடம். அவர் முறை எப்போதும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரும். "எங்க நாடு மொத்தமே ஒரு மைதானம் அளவுதான். எங்க ஜனங்க ஜன்னல் திறந்து மூணு வருஷமாச்சு. இது எங்கேருந்துதான் வருதுன்னு யாராவது ஒரு ஆள் எழுந்து போய்ப் பாத்தா என்ன?"

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "சின்ன நாடு தன் ஆழ்ந்த கவலையைத் தெரிவித்தது. கவலை குறித்துக்கொள்ளப்பட்டது. உணவுக்காகக் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது," என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்.

மூக்கரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கேள்வியைக் கேட்டவர்தான். எவ்வளவு என்பது மோப்ப அலுவலரின் பொறுப்பு, எங்கிருந்து என்பது அவர் பொறுப்பல்ல என்று எழுத்து மூலம் பதில் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர், பிறகு கேட்கவில்லை.

இதற்கிடையில் அந்தக் கிளிப் சக்கைப் போடு போட்டது. புது நாட்டுக் கம்பெனி, சின்ன நாட்டில் பாக்டரி. முதலில் சாதாரணக் கம்பிக் கிளிப்தான் வந்தது. பிறகு சட்டைக்குப் பொருத்தமான நிறத்தில், பிறகு முத்து பதித்தது, பிறகு இரண்டு துவாரத்துக்கும் தனித்தனியாக. மூக்கடைத்த குரலில் பேசுவது பெரிய இடத்து அடையாளம் ஆகிவிட்டது. வானொலியில் செய்தி வாசிப்பவர்கள் அப்படித்தான் வாசித்தார்கள். கிளிப் வாங்க வசதியில்லாதவர்கள் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது அப்படிப் பேசினார்கள். நாற்றத்தைப் பற்றி யாரும் பேசுவதே குறைந்துபோயிற்று. பேசினால் கிளிப் வாங்க வக்கில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களே.

மூக்கைத் திறந்து வைத்திருந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருவர் மூக்கர், வேலைக்காக. இன்னொருத்தி அவர் மனைவி.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் உண்டாகியிருந்தாள். நாலு மாதம் முடியப்போகிறது, ஒரு வாய் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. சும்மாவே மசக்கை, அதற்கு மேல் இந்த நாற்றம். தங்கையின் கிளிப்பைப் போட்டுப் பார்த்தாள், மூச்சு முட்டிக் கண் சொருகிவிட்டது. ஜன்னலைச் சாத்தித் துணியைத் திணித்து, அதற்கு மேல் மெழுகும் பூசிப் பார்த்தார்கள். பலனில்லை. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு, வயிறு மட்டும் சின்னதாகத் தெரிய, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"எடை ஏறணும், இறங்கிட்டே போகுது," என்றார் டாக்டரம்மா. "இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். இப்படியே இருந்தா குழந்தைக்கு ஆகாது. நான் மறைச்சுப் பேச விரும்பல."

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். "என்னங்க, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"மூணு வருஷமா தினமும் இந்த நாத்தத்தை அளந்து அளந்து எழுதுறீங்க. இது எங்கேருந்து வருதுன்னு ஒரு நாளாவது போய்ப் பாத்தீங்களா?"

"அது என் பொறுப்பு இல்லம்மா."

"அப்ப யார் பொறுப்பு?"

சட்டைப்பையிலிருந்த கடிதத்தைக் காட்டலாமா என்று மூக்கர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வெட்கமாக இருந்தது. மறுநாள் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

பால்கனியில் நிற்கும்போது நாற்றம் எல்லாத் திசையிலிருந்தும் வருவது போலிருக்கும். எந்தத் திசையில் அதிகம் என்று பார்க்க, ஆணையக் கட்டடத்தின் வாசலிலிருந்து ஒவ்வொரு நாட்டுப் பக்கமாகவும் நடந்தார். பெரிய நாட்டுப் பக்கம் ஒரு மைல் போனார், நாற்றம் குறைந்தது. திரும்பி வந்து பணக்கார நாட்டுப் பக்கம் போனார், குறைந்தது. பழைய நாட்டுப் பக்கமும் புது நாட்டுப் பக்கமும் அப்படியே. சின்ன நாட்டுப் பக்கம் ஒரு மைல் போக முடியவில்லை, அதற்குள் நாடு முடிந்துவிட்டது, அங்கேயும் குறைந்தது. ஐந்து முறையும் திரும்பி வரவர நாற்றம் ஏறியது. ஆணையத்தின் வாசலில் வந்து நின்றபோது மூக்கருக்குத் தலை சுற்றியது. அதற்கு நாற்றம் மட்டும் காரணமில்லை.

நிலவறைப் படிகளில் இறங்கினார். கீழே சாமான் அறைக்காரர் மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தார். மூக்கில் கிளிப், அதற்கு மேல் கைக்குட்டை, அதற்கு மேல் ஒரு துண்டு.

"அண்ணே, உள்ள என்ன இருக்கு?"

"அதுவா தம்பி? மாதிரி." சாமான் அறைக்காரர் சாவிக்கொத்தை எடுத்தார். "ரயில் பெட்டி நின்னுட்டிருந்தப்பவே ஒவ்வொரு நாடும் பத்துப் பத்து பீப்பாய் மீன் எடுத்து அனுப்பிச்சு. நாற்றத்தை ஆராய்ச்சி பண்றதுக்காம். மொத்தம் அம்பது. யாரு முதல்ல ஆராய்றதுன்னு முடிவாகல, அப்படியே இருக்கு. மூடி எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு."

"வெளிய எப்படிப் போகுது?"

சாமான் அறைக்காரர் கூரையைக் காட்டினார். ஆளுயரக் காற்றாடிகள் ஐந்து, ஐந்து குழாய்களில் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தன. "எனக்கு மூச்சு முட்டுதுன்னு மனு போட்டேன். காத்தாடி வைக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு சண்டை. ஒவ்வொரு நாடும் பக்கத்து நாட்டைக் காட்டிச்சு. கடைசியில சமத்துவமா ஆளுக்கொண்ணு."

மூக்கர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் காற்றாடிக்கு மேலேதான் மூன்று வருஷமாக நின்று மூச்சை இழுத்திருக்கிறார். நினைக்க நினைக்க அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

செயலாளர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "எந்த அதிகாரத்துல மோந்தீங்க?"

"விடுப்புல இருந்தப்ப மோந்தேன் சார்."

"விடுப்புல மோந்தது அலுவல் மோப்பம் ஆகாது. சரி, வந்தது வந்துட்டீங்க. கூட்டத்துல வைப்போம்."

கூட்டத்தில் வைத்தார்கள். பீப்பாய்களை எடுத்துவிடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. முதலில் மற்றவர்கள் எடுக்கட்டும், பிறகு யோசிக்கலாம் என்றது பெரிய நாடு. தன் பத்தைச் சின்ன நாட்டில் வைத்துக்கொள்ளலாமே என்றது பணக்கார நாடு. மூன்று வருஷம் பழையதாகிவிட்டதால் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கலாம் என்றது பழைய நாடு. ஆண்டுக்கு ஒரு பீப்பாய் வீதம் ஐம்பது ஆண்டுத் திட்டம் ஒன்றை வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்தது புது நாடு. சின்ன நாட்டின் முறை வந்தபோது சாப்பாட்டு மணி அடித்தது. பீப்பாய்க்குள் இருப்பது மீன்தானா என்று ஆராயத் துணைக்குழு ஒன்று அமைப்பது என்றும், அதுவரை நிலவறை ஊழியரின் உடல்நலம் கருதிக் காற்றாடிகளின் வேகத்தைக் கூட்டுவது என்றும் முடிவானது.

மறுநாள் காலை மூக்கர் ஐம்பத்தெட்டு அலகு எழுதினார். அன்று அவர் மனைவி வாந்தி எடுத்ததில் ரத்தம் கலந்திருந்தது.

அவர் நேராக நிலவறைக்குப் போனார். "அண்ணே, இந்தப் பீப்பாயை வெளிய எடுக்க என்ன படிவம் வேணும்?"

"அஞ்சு நாட்டு மந்திரி கையெழுத்தும் வேணும்."

"உடைஞ்ச நாற்காலியை எடுக்க?"

சாமான் அறைக்காரர் துண்டை விலக்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு என் கையெழுத்து போதும்."

அடுத்த வாரம் கூட்டு நறுமண நாள். ஐந்து நாட்டு அதிகாரிகளும் விளையாட்டரங்கில் கூடி வாசனைத் தைலம் நிரப்பிய பலூன்களைப் பறக்கவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் இரண்டு பேரும் ஒரு லாரியைக் கொண்டுவந்து, உடைந்த நாற்காலிகள் ஐம்பதை ஏற்றினார்கள்.

வாசல் காவலர் படிவத்தையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். "நாற்காலி ஏன் உருண்டையா இருக்கு?"

"பெரியவங்க உக்காந்து உக்காந்து," என்றார் சாமான் அறைக்காரர்.

காவலருக்கு அது நியாயமாகப் பட்டது. பழைய ரயில் பெட்டி நின்ற இடத்தில் ஆளுயரப் பள்ளம் தோண்டி, பீப்பாய்களை இறக்கிச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். காற்றாடிகளை நிறுத்திவிட்டு நிலவறையைக் கழுவிவிட்டார்கள். இருவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து பால்கனியில் நின்று மூச்சை இழுத்த மூக்கருக்கு ஈர மண் வாசனை வந்தது. எங்கோ ரொட்டி சுடும் வாசனை, துவைத்த துணியின் சோப்பு வாசனை, பால்கனிக் கம்பியின் துரு வாசனை. மூன்று முறை போதும் என்றிருந்தும் இருபது முறை இழுத்தார். கண்ணில் நீர் முட்டியது. ஏட்டில் பூஜ்யம் என்று எழுதினார்.

அன்று அவர் மனைவி அரை ரொட்டி சாப்பிட்டாள். மறுநாள் முழுதாக ஒன்று. ஒரு வாரத்தில் ஜன்னல் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேகவைத்த முட்டையை உப்புத் தொட்டுத் தொட்டுத் தின்றாள். கன்னத்தில் சதை பிடித்தது. குழந்தை உதைக்கிறது என்று அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். மூக்கருக்கு அந்த மூன்று வாரம் போல ஒரு காலம் வாழ்க்கையில் வந்ததில்லை.

ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும்தான் கிளிப் போட்டிருந்தார்களே. ஏட்டை மாதக் கூட்டத்துக்கு முன்பு யாரும் திறக்கும் வழக்கமும் இல்லை.

கூட்டத்தில் மூக்கர் எழுந்து நின்றார். "கடைசி மூன்று வாரச் சராசரி, பூஜ்யம்."

"சளி பிடிச்சிருக்கா?" என்று செயலாளர் கேட்டார்.

"இல்ல சார்."

பத்து நிமிஷம் ஒரே கொண்டாட்டம். எங்கள் திரை என்றது பெரிய நாடு, பாதித் திரை கட்டியபோதே இப்படி என்றால் முழுத்திரை எப்படி இருக்கும் என்று கேட்டது. நாறும் உரிமை மாற்றத்தின் வெற்றி என்றது பணக்கார நாடு. சொல் போனால் பொருளும் போகும் என்று தாங்கள் அப்போதே சொன்னதாகப் பழைய நாடு நினைவூட்டியது. நாற்பது வருஷத் திட்டத்தை ஒரே வருஷத்தில் முடித்துவிட்டதாகப் புது நாடு அறிவித்தது. துணைக்குழு ஆராய்வதற்குப் பீப்பாய் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு செயலாளர் ஆணையச் சட்டப் புத்தகத்தைப் புரட்டி முதல் விதியை மெதுவாக வாசித்தார். "நாற்றம் நீங்கியதாக மோப்ப அலுவலர் கையெழுத்திட்ட நாளிலிருந்து முப்பதாம் நாள், இவ்வாணையம் தானாகவே கலைந்துவிடும்."

ஐந்து பேரும் அவரவர் கிளிப்பைச் சரிசெய்துகொண்டார்கள். இங்கேதான் வீடு, கார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம்.

"தம்பி, அவசரப்படக் கூடாது," என்றார் பெரிய நாட்டுக்காரர். "இன்னும் கொஞ்சம் ஆழமா இழுத்துப் பாருங்க."

"பூஜ்யம்னா ஒரேயடியா பூஜ்யமா? தசமம் ஏதாவது?" என்றார் பணக்கார நாட்டுக்காரர்.

மூக்கர் நம்பிக்கையோடு சின்ன நாட்டுப் பிரதிநிதியைப் பார்த்தார். மூன்று வருஷமாக அந்த அறையில் ஒழுங்காகப் பேசிய ஒரே மனிதர் அவர்தான். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க நாட்டுல பாதிப் பேர் கிளிப் பாக்டரியிலதான் வேலை பாக்குறாங்க. மூடிட்டா எல்லாரும் தெருவுல நிக்கணும். ஒரே ஒரு அலகுகூட இல்லையா, தம்பி?"

கையெழுத்துப் போட மறுநாள் காலை பத்து மணி வரை நேரம் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார். "எப்படி இருக்கு பாத்தியா? நாத்தம் போனதுல அவங்களுக்கு வருத்தம்."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப உங்க வேலை?"

"முப்பது நாள்ல போயிடும்."

"இந்த வீடு?"

"ஆபீஸ் வீடுதானே."

"என் ஆஸ்பத்திரி அட்டை?"

"அதுவும் ஆபீஸ் அட்டைதான்." அவர் செருப்பைக் கழற்றினார். "பழைய கம்பெனியில போய்க் கேக்குறேன்."

"அங்கதான் மூக்குக்குப் பதிலா மெஷின் வச்சுட்டாங்கன்னு சொன்னீங்களே." அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா போன வாரம் என்ன சொன்னாங்க தெரியுமா? மசக்கை எல்லாருக்கும் அஞ்சாம் மாசத்தோட நின்னுடுமாம். இனிமே எது நாறினாலும் எனக்கு ஒண்ணும் பண்ணாதாம்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்." எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

காலையில் அவர் கிளம்பும்போது இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்து வைத்தாள். "இது மதியச் சாப்பாடு. இது சாப்பாடு இல்ல, மாத்தித் திறந்துடாதீங்க. நிலவறையில எங்கயாவது வச்சுடுங்க."

இரண்டாவது டப்பா துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவருக்குத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. முட்டை, எட்டு. உடைத்து வெயிலில் வைத்துப் பத்து நாளாவது ஆகியிருக்கும்.

"நான் விஷயத்தைச் சொன்னது நேத்துதானே," என்றார் மெதுவாக.

"ஏட்டுல பூஜ்யம் பூஜ்யம்னு எழுதிட்டே இருக்கீங்கன்னு நீங்கதான் தினமும் சந்தோஷமா சொல்வீங்களே. அன்னிக்கே யோசிச்சேன்." அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "தங்கச்சி வீட்டு மொட்டை மாடியில வச்சிருந்தேன். அவதான் கிளிப் போட்டிருக்காளே."

நிலவறைப் படியில் இறங்கும்போதே கீழே பேச்சுக்குரல் கேட்டது. சாமான் அறைக்காரர் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. பணக்கார நாட்டுப் பிரதிநிதி, வெளிநாட்டுப் பாலாடைக்கட்டியை வெல்வெட் பெட்டியில் வைத்திருந்தார். பெரிய நாட்டுக்காரர் ஒரு மூட்டையே கொண்டுவந்திருந்தார். பழைய நாட்டுக்காரர் கையில் இருந்தது என்னவென்று சொல்ல முடியவில்லை, மூன்று தலைமுறையாக வீட்டில் இருப்பது என்றார். புது நாட்டுப் பொட்டலத்தின் மேல் "நாற்பது நாளில் நாறத் தொடங்கும்" என்று அச்சிட்டிருந்தது. சின்ன நாட்டுப் பிரதிநிதி ஒரே ஒரு மீனைக் காகிதத்தில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார். கடைசியில் செயலாளர். அவரிடம் வலது காலுறை இருந்தது.

ஐந்து நாடுகளும் ஒரு பொதுப் பிரச்சினையில் ஒரே அணுகுமுறையைக் கையாண்டது வரலாற்றில் அதுதான் முதல் முறை. மூக்கர் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

"உள்ள எடுக்கணும்னா படிவம் உண்டு," என்றார் சாமான் அறைக்காரர், பேனாவைத் திறந்தபடி. "என்னன்னு போடட்டும்? உயிருள்ளதா, உயிரற்றதா?"

ஆளாளுக்குக் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"சரி, நாற்காலின்னே போட்டுடுறேன்." எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டு, ஐந்து காற்றாடிகளையும் முடுக்கினார்.

பத்து மணிக்கு மூக்கர் பால்கனியில் நின்று மூன்று முறை இழுத்தார். சட்டைப்பையில் போன் அடித்தது.

"எவ்வளவுங்க?" என்றாள் மனைவி.

"மூணரை."

"அதுல நம்மளுது?"

"ரெண்டு இருக்கும்."

"அப்பாடா." அவள் குரல் மூக்கடைத்துக் கேட்டது.

"கிளிப் போட்டிருக்கியா?"

"தங்கச்சி கொடுத்தா. முத்து வச்சது. மூச்சு கொஞ்சம் முட்டுது, பழகிடும்ங்க."

மூக்கர் ஏட்டைத் திறந்து மூன்றரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.